வீட்டு வெதர் ஸ்டேஷன்: மிதமான கடற்கரை ஊரிலிருந்து ஒரு விமர்சனம்

"நம்ம ஊர்ல பெரிசா வெயிலும் இல்ல, குளிரும் இல்ல. இதுல அளக்கறதுக்கு என்ன இருக்கு?" வெதர் ஸ்டேஷன் வாங்கப்போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. கோடையில் இருபது டிகிரியைச் சுற்றியும், குளிர்காலத்தில் பத்து, பன்னிரண்டைச் சுற்றியும் வருஷம் ஓடிவிடுகிற ஊருக்கு வெப்பமானியே அதிகம் என்று தோன்றும். எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுக்கு மேல் பார்த்துவிட்ட நிலையில் என் பதில்: அளக்க நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி பெரிய எழுத்தில் காட்டுவது அதை அல்ல.

கருவி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே கம்பத்தில் மாட்டுகிற ஒரே தொகுப்பில் ஐந்து சென்சார்: வெப்பம், ஈரப்பதம், மழை, காற்றின் வேகம், காற்றின் திசை. வீட்டுக்குள் வைக்கும் டிஸ்ப்ளே பெட்டியில் காற்றழுத்த சென்சார். வெளியிலிருந்து உள்ளே வயர்லெஸ்ஸில் தகவல் வரும். தலையில் சின்ன சோலார் தகடு, அதற்குத் துணையாக பேட்டரி. இந்த வடிவத்தில் பல பெயர்களில் கருவிகள் விற்கிறார்கள். உள்ளே எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பிராண்டைப் பற்றிப் பேசப்போவதில்லை. இந்த வகைக் கருவி கடற்கரையில் என்ன செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதுதான் விஷயம்.

டிஸ்ப்ளேவில் பாதி இடத்தை வெப்பநிலை பிடித்துக்கொள்கிறது. உள்நாட்டில், காலையில் 8, மதியம் 34 என்று ஏறி இறங்குகிற ஊர்களில் உட்கார்ந்து வடிவமைத்திருப்பார்கள் போல. எங்களுக்கு அந்தப் பெரிய எண் காலையில் 15 என்று இருக்கும், மதியம் 19, இரவு 14. சில வாரங்கள் முழுக்க இதே கதை. காரணம் கடல். தண்ணீரைச் சூடாக்க, அதே எடையுள்ள மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு, வெயில் மண்ணில் மேல் சில அங்குலத்தோடு நின்றுவிடும். கடலிலோ அலையும் காற்றும் அந்தச் சூட்டைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடும். அதனால் கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். கரையில் இருக்கிற நாம் அதன் இழுப்புக்குப் போகிறோம்.

அதிலும் ஒரு சுவாரசியம் உண்டு, அது ஒரு நாளில் தெரியாது. வருஷ வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். வடகோளத்தில் சூரியன் உச்சத்தில் இருப்பது ஜூன் கடைசியில். கடல் அதிகபட்ச சூட்டுக்கு வருவது ஆகஸ்ட், செப்டம்பரில். கரையோர ஊர்களின் கோடை இதனால் பின்னால் தள்ளிப்போகிறது. சான் பிரான்சிஸ்கோவில் சராசரியாக அதிக வெப்பமான மாதம் செப்டம்பர். ஜூலையில் அங்கே போய் ஸ்வெட்டர் தேடுகிற சுற்றுலாப் பயணிகளின் கதை உலகப் பிரசித்தம். காரணம், வசந்தத்திலும் கோடையிலும் அங்கே கரையை ஒட்டி வீசும் வடமேற்குக் காற்று, மேல்மட்டக் கடல்நீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. பெரு, நமீபியா, மொராக்கோ கரைகளிலும் இதே ஏற்பாடுதான். என் கருவியின் மாதச் சராசரிகளில் இந்தத் தாமதம் அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க மெனுவுக்குள் நான்கு தட்டு தட்டி உள்ளே போக வேண்டும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் போவார்கள்?

சரி, வெப்பநிலையை விடுங்கள். நான் பார்ப்பது இரண்டு எண்கள். ஒன்று காற்றின் திசை. இன்னொன்று டியூ பாயின்ட், தமிழில் பனிநிலை. காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை. ஈரப்பத சதவீதம் வெயில் ஏற ஏறக் குறைந்து, இரவில் கூடி, நாள் முழுக்க ஆட்டம் காட்டும். பனிநிலை அப்படி ஆடாது. காற்றே மாறினால்தான் அது மாறும். கடற்கரையில் காற்று மாறுவதுதான் வானிலை.

இதை ஒரு காலைப்பொழுதில் பார்க்கலாம். எங்களுக்குக் கடல் மேற்கே. வசந்தத்தின் கடைசியில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், விடியும்போது திசைகாட்டி கிழக்கிலோ வடகிழக்கிலோ நிற்கும். இரவில் நிலம் கடலைவிடக் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் நேரம் அது. எட்டு மணிக்கு மேல் வேகம் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் பூஜ்ஜியம். திசைகாட்டி அம்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றும். வெப்பநிலை அப்போதுதான் சுறுசுறுப்பாக ஏறும்: 20, 21, 23. இன்றைக்கு வெயில் கொளுத்தப்போகிறது என்று உள்நாட்டுக்காரர் நினைப்பார். பதினொரு மணி வாக்கில் அம்பு ஒரே திருப்பாக மேற்கே வரும். பத்து, பதினைந்து நிமிஷத்தில் வெப்பநிலை 23லிருந்து 19க்கு இறங்கும். பனிநிலை 9லிருந்து 13க்கு ஏறும். ஈரப்பதம் 41 சதவீதத்திலிருந்து 68க்குப் போகும். காற்றழுத்தத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இருக்காது. கடற்காற்று வந்துவிட்டது. அந்த நாளின் அதிகபட்ச வெப்பம் காலை பதினொன்றுக்கே முடிந்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. மதியம் மேற்கிலிருந்து நேராக வீசும் காற்று, மாலைக்குள் வடமேற்குக்கும் வடக்குக்கும் மெதுவாகத் திரும்பும். பூமி சுழல்வதால் வருகிற திருப்பம் இது. வடகோளத்தில் கடிகார முள் போகிற பக்கம் திரும்பும், தென்கோளத்தில் எதிர்ப்பக்கம். பள்ளிக்கூடத்தில் கோரியாலிஸ் விசை என்று படித்ததை வீட்டுச் சமையலறைச் சுவரில் பார்க்கிறேன். இந்த ஒரு காட்சிக்காகவே கருவிக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன்.

போனில் வருகிற முன்னறிவிப்பு இதைச் சொல்லாதா என்று கேட்கலாம். அரைகுறையாகச் சொல்லும். உலகம் முழுவதையும் கணக்கிடும் பெரிய கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற மாதிரியில் சுமார் 13. கரையோரத்தில் நீளவாக்கில் கிடக்கிற ஒரு சின்ன ஊர் அப்படி ஒரு கட்டத்துக்குள் மாட்டினால், அந்தக் கட்டத்தில் பாதி கடல், மீதி பின்னால் இருக்கிற மலை. ஆப் காட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊருடைய வானிலை. அந்த ஊரில் யாரும் குடியிருக்கவில்லை. இன்னும் நுணுக்கமான வட்டார மாதிரிகளும் உண்டு. ஆனால் போனில் இலவசமாக வருவது எதிலிருந்து என்று பெரும்பாலும் தெரிவதில்லை.

பனிநிலை எண்ணை நான் வானத்தைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. அதிகம் பயன்படுவது ஜன்னலுக்குத்தான். மிதமான கடற்கரை ஊரில் வீட்டுக்குத் தொந்தரவு வெயிலோ குளிரோ அல்ல, ஈரம். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, தோல் செருப்பில் வெள்ளைப் பூசணம், இழுத்தால் வராத மர டிராயர். வெளியே ஈரப்பதம் 95 சதவீதம் என்று பெட்டி காட்டினால் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பல நாள் அது தேவையில்லாத காரியம். வெளியே 14 டிகிரி, 95 சதவீதம் என்றால் பனிநிலை 13 சொச்சம். வீட்டுக்குள் 20 டிகிரி, 70 சதவீதம் என்றால் பனிநிலை 14க்கு மேல். உள்ளே இருக்கிற காற்றில்தான் ஈரம் அதிகம்! வெளிக்காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடேறவிட்டால் அதன் ஈரப்பதம் 65 சதவீதத்தில் வந்து நிற்கும். ஜன்னலைத் திறந்தால் வீடு காயும்.

இதற்கு நேர் எதிரான நாட்களும் வரும், அவைதான் ஏமாற்றும். குளிர்காலம் முடிந்து முதல் இதமான காற்று வரும்போது வீடு முழுக்கத் திறந்துவிடத் தோன்றும். வெளியே 18 டிகிரி, 85 சதவீதம். பனிநிலை 15ஐத் தாண்டிவிடும். வீட்டின் வடக்குச் சுவரும் தரையும் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும், 14, 15 டிகிரியில். அந்தக் காற்று உள்ளே வந்து சுவரைத் தொட்டதும் வியர்த்துக் கொட்டும். அன்றைக்குச் சாத்தி வைப்பதுதான் சரி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதையெல்லாம் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, துணி காயுமா காயாதா?" என்றார். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் நடுவில் ஐந்து டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்து, கொஞ்சம் காற்றும் இருந்தால் காயும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த இரண்டு எண்ணை மட்டும் மதில் வழியாகக் கேட்டுக்கொள்கிறார்.

குறை என்றால் முதலில் சொல்ல வேண்டியது அந்த வானிலைப் படம். டிஸ்ப்ளேவின் மூலையில் சூரியன், மேகம், மழை என்று ஒரு சின்னப் படம் மாறிக்கொண்டே இருக்கும். "அடுத்த 12 மணி நேர முன்னறிவிப்பு" என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். இதற்கு அடிப்படை காற்றழுத்தம் மட்டுமே. அழுத்தம் ஏறினால் சூரியன், இறங்கினால் மழை. எங்கள் ஊரில் கோடை முழுக்க இது சிரிப்பு மூட்டும். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்குக் கடல்மூட்டம். பெட்டியில் முகம் மலர்ந்த சூரியன்.

பெட்டியின் கணக்கு தப்பவில்லை, பாடம்தான் தப்பு. கோடையில் கடல்மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போது, மேலிருந்து காற்று கீழே அமுங்கி, அமுங்கும்போது சூடாகிறது. கீழே குளிர்ந்த கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சில நூறு மீட்டர் உயரத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மேலே சூடு, கீழே குளிர். மூடி போட்ட பாத்திரம் மாதிரி. கீழே தங்கும் ஈரம்தான் மூட்டமும் தாழ்ந்த சாம்பல் மேகமும். ஆக, கடற்கரை மூட்டத்தை உண்டாக்குவதே அந்த உயர் அழுத்தம். அதே அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெட்டி சூரியனைப் போடுகிறது. மூட்டத்துக்கு மேலே குன்றின்மேல் ஏறி நின்றால் சூரியன் இருக்கத்தான் செய்கிறது, அந்த வகையில் பெட்டி சொல்வது உண்மை.

மூட்டம் வருமா என்று இதே கருவியை வைத்து ஓரளவு சொல்லலாம், படத்தை நம்பாமல் இருந்தால். கரைக்கருகே மிதவைக் கருவிகள் அளக்கும் கடல்நீர் வெப்பநிலை பல நாடுகளில் பொதுவில் கிடைக்கும். கடல் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று, பனிநிலை 14 என்று கருவி காட்டுகிறது. அந்தக் காற்று தண்ணீரைத் தொட்டுக் குளிர்ந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாது. மூட்டம் வரும் வாய்ப்பு நிறைய. பனிநிலை 9தான் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இதைச் செய்துகாட்டும் மென்பொருள் எழுதுவது பெரிய வேலை இல்லை. கடல்நீர் வெப்பத்தை நாமே உள்ளிட ஒரு வசதி கொடுத்தாலே போதும். செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

வருஷத்தில் சில நாட்கள் மட்டும் அந்தப் பெரிய வெப்பநிலை எண் தன் இடத்துக்கு நியாயம் செய்யும். நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பலமாகக் காற்று வீசும் நாட்கள். உயரமான நிலப்பகுதியிலிருந்து இறங்கும் காற்று, ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடாகும். கலிஃபோர்னியாவில் சான்டா ஆனா, தென்னாப்பிரிக்கக் கரையில் பெர்க் காற்று எல்லாம் இந்த ஜாதி. பெர்க் காற்று குளிர்காலத்தில்தான் அதிகம் வரும் என்பதால், தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் கரையோர ஊர்களில் சுடச்சுட இருக்கும் நாள் சில சமயம் நடுக்குளிர்காலத்தில் விழும். இங்கேயும் முன்கூட்டிச் சொல்வது பனிநிலைதான். முதல் நாள் இரவே அது 11, 7, 3 என்று சரியும். வெப்பநிலை அப்போது ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். விடிந்ததும் கடற்காற்று வராது. பதினொரு மணித் திருப்பம் நடக்காது. எண் முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். பனிநிலை ஐந்துக்குக் கீழ் போனால் ஒலிக்கும்படி அலாரம் வைத்திருக்கிறேன். இந்தக் கருவியில் அலாரம் எல்லா அளவுக்கும் தனித்தனியாக வைக்க முடிகிறது. அது நிஜமாகவே நல்ல அம்சம்.

மழைமானியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே சீசா மாதிரி ஆடும் சின்னக் கிண்ணம், 0.2 மில்லிமீட்டர் நிறைந்ததும் கவிழ்ந்து ஓர் எண்ணைப் பதியும். குளிர்கால மழைக்குப் போதும். தூறலில் தோற்கும். கிண்ணம் நிறைவதற்குள் பாதி ஆவியாகிவிடும். மூட்டத்தால் மரத்தடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், கருவியில் பூஜ்ஜியம். பெருவின் தலைநகர் லிமாவில் குளிர்காலம் முழுக்க கரூவா எனும் நுண்தூறல் தெருவை நனைத்துக்கொண்டே இருக்கும், ஆனாலும் ஆண்டு மழையளவு ஓரிரு சென்டிமீட்டர்தான் தேறும். சிலேயில் வலை கட்டி மூட்டத்திலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள். மழைமானியை மட்டும் பார்த்தால் இதெல்லாம் வறண்ட ஊர். அதோடு, பலமான காற்றில் சாய்வாக வரும் மழை புனலின் வாயைத் தாண்டிப் போய்விடும். கூரை உயரத்தில் இந்த இழப்பு கூடும்.

கூரை என்றதும் எங்கே மாட்டுவது என்ற பழைய சண்டைக்கு வருகிறேன். வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள உறைக்குள் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. காற்றை அளப்பது 10 மீட்டரில். ஐந்து சென்சாரும் ஒரே கம்பத்தில் என்றால் இரண்டையும் நிறைவேற்ற முடியாது. வானிலை நிலையங்களில் பார்க்கும் அந்த வெள்ளை மரப்பெட்டியை 1864ல் வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஒரு கலங்கரை விளக்கப் பொறியாளர். அதன் சாயலில்தான் இந்தக் கருவிகளிலும் வெள்ளைத் தட்டுகளை அடுக்கி உறை செய்கிறார்கள். ஆனால் காற்றில்லாத வெயில் நேரத்தில் பிளாஸ்டிக் தட்டு சூடேறி, வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி கூடவே காட்டும்.

கையேடும் பெரும்பாலான ஆலோசனைகளும் "தோட்டத்தில், புல்தரையில் மாட்டுங்கள்" என்கின்றன. மிதமான கடற்கரை ஊருக்கு நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்தில் மதிலும் செடியும் காற்றை மறித்தால் திசைகாட்டி பொய் சொல்லும், கருவியின் உயிரே போய்விடும். கூரைக்கு மேல் மாட்டினால் வெப்பநிலை கொஞ்சம் கெடும். ஆனால் பனிநிலை கெடாது. ஏனென்றால், உறைக்குள் காற்று தேவையில்லாமல் சூடானாலும் அதிலுள்ள ஈரம் அப்படியேதான் இருக்கிறது. வெப்பநிலை கூடும், ஈரப்பத சதவீதம் அதற்கேற்பக் குறையும், இரண்டிலிருந்தும் கணக்கிட்டு வருகிற பனிநிலை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். நமக்கு வேண்டியது அதுதானே. கூரையிலேயே மாட்டுங்கள். திசைகாட்டியை வடக்குக்குப் பொருத்தும்போது மட்டும் போன் காம்பஸ் காட்டுவது மெய்யான வடக்கா, காந்த வடக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. இந்த விமர்சனத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அலை உடையும் இடத்தில் தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, உப்புத் துகளாகக் காற்றில் ஊருக்குள் வருகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்தால் கருவியில் உப்பு படியாமல் தப்பிக்க வழியே இல்லை. முதலில் போவது திருகாணிகள். கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்கும் வளைகம்பி துத்தநாகப் பூச்சோடு வந்தது. முதல் குளிர்காலத்திலேயே பழுப்புக் கோடு ஒழுகியது. அதைக் கழற்றி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன். சாதாரண 304 தரம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அடுத்து காற்றுவேகமானியின் சுழல் தாங்கி, அதாவது பேரிங். உப்பு சேர்ந்தால் மெல்லிய காற்றில் அதன் சுழலும் கிண்ணங்கள் நகராது. இலை ஆடுகிறது, டிஸ்ப்ளேவில் பூஜ்ஜியம் என்றால் இதுதான் கோளாறு.

நயமாக ஏமாற்றுவது ஈரப்பத சென்சார். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்சாரின் வடிகட்டி மூடியில் உப்புப் படலம் இருந்தால், 75க்கு மேல் அது அளப்பது ஊருடைய ஈரத்தை அல்ல, தன்மேல் ஒட்டிய உப்புத் தண்ணீரை. மூட்டம் விலகி மணிக்கணக்கான பிறகும் 99 என்று அடம்பிடிக்கும். 99லிருந்து அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பார்த்தே கழுவ வேண்டிய நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். வெளித் தட்டுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசலாம். சென்சார் மூடியை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். துணி வைத்துத் தேய்க்கவே கூடாது. குளிர்காலப் புயல் மழை இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். கோடையில், மழையே இல்லாமல் கடற்காற்று மட்டும் தினமும் வீசும் மாதங்களில்தான் கை வைக்க வேண்டும்.

வாரண்டி அட்டையில், பொடி எழுத்தில், "அரிப்பினால் ஏற்படும் சேதம் நீங்கலாக" என்று இருக்கிறது. பெட்டியின் மேலட்டையில் கடற்கரைப் படம்.

காற்றழுத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அதை முன்னறிவிப்புப் படத்துக்காகத் திட்டிவிட்டேன். குளிர்காலத்தில் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. 1859ல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகுதான் பிரிட்டனில் வானிலைத் துறையை நடத்திய கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் புயல் எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தார். 1861ல் பத்திரிகையில் அன்றாட முன்னறிவிப்பும் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகங்களில் எல்லோரும் பார்க்கும்படி காற்றழுத்தமானிகளை வைக்கச் செய்தவரும் அவர்தான். அன்றைக்கு மீனவர்கள் பார்த்ததும் இன்றைக்கு நாம் பார்க்க வேண்டியதும் ஒன்றுதான்: எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. பிரிட்டிஷ் கடல் வானிலை அறிக்கைகளில், மூன்று மணி நேரத்தில் 3.6 முதல் 6 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கினால் "வேகமாக", 6க்கு மேல் என்றால் "மிக வேகமாக" என்று பெயர். என் பெட்டி மூன்று மணி நேர மாற்றத்தை ஓர் அம்புக்குறியாக மட்டும் காட்டுகிறது, எண்ணாகக் காட்டுவதில்லை. வரைபடத்தைத் திறந்து நாமே கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல்முறை பொருத்தும்போது கடல்மட்ட அழுத்தத்துக்குச் சரிசெய்ய மறக்காதீர்கள். எட்டு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். குன்றுமேல் வீடு என்றால் நிறையவே தள்ளிப்போகும்.

மற்றவை பரவாயில்லை ரகம். வயர்லெஸ் ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டும், இரண்டைத் தாண்டத் திணறும். ஆப் மெதுவாகத் திறக்கிறது. தகவல்களை, அட்டவணையாகத் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறது. சிலந்திகளுக்கு மழைமானிப் புனல் ரொம்பப் பிடிக்கும், மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். காற்றின் திசைக்கும் பனிநிலைக்கும் அலாரத்துக்கும் சேர்த்து மூன்றரை. மீதி ஒன்றரை உப்புக்கும் அந்தச் சூரியன் படத்துக்கும் போயிற்று. கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு, அவர்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் காற்று சென்சார் தனியாகவும் வெப்ப, ஈரப்பத சென்சார் தனியாகவும் வரும் மாடலைப் பாருங்கள். ஒன்றைக் கூரையிலும் மற்றதை நிழலிலும் மாட்டலாம். எதை எடுத்தாலும், விற்பவரிடம் ஈரப்பத சென்சார் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சென்சார்களில், கடற்கரையில் முதலில் சாவது அதுதான். தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.